அஞ்சுக்கு அப்புறம்

தம்பி, அந்த ஃபோனை எடுத்துப் பேசிருங்க. கோபமெல்லாம் இல்லீங்க. தாராபுரத்துல பஸ் கிளம்பினதுல இருந்து நாலு தடவை அடிச்சிருச்சு. நாலு தடவையும் "லாபம்... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஏழு..." அப்படின்னு அது ஓடற வரைக்கும் விட்டுட்டுத்தான் எடுக்கறீங்க. கேட்க நல்லாருக்குன்னுதானே விடறீங்க? விடுங்க. ஆனா அந்தக் குரல் என் குரலுங்க.

சிரிக்கறீங்க. எல்லாரும் முதல்ல சிரிப்பாங்க. சொல்லிக் காட்டட்டுமா? வேண்டாம், பஸ்ல பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பாங்க. யாராவது என்னைப் பார்த்தா எனக்கு நாக்கு எழும்பாது. நான் பேசற ஆளே இல்லை தம்பி. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. "இந்த மனுசன் ஒரு நாளைக்குப் பேசறதை உள்ளங்கையில வெச்சு மூடிரலாம்"னு ராமாத்தா சொல்லுவா. காங்கயம் போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் ஏறினேன். உங்க ஃபோன்தான் விடலை.

காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கங்க. உங்களுக்குக் கீழே இருக்கிற மஞ்சப் பை என்னுது. உள்ளே தேங்காய். உருண்டா எடுக்கச் சிரமம். எதுக்குக் கொண்டுபோறேன்னு அப்புறம் சொல்றேன். எனக்கு எதையும் வரிசையாச் சொன்னாத்தான் வரும்.

என் பேரு நாச்சிமுத்து. ஊரு ஆனைமலைக்குப் பக்கம். வேலை, தேங்காய் எண்ணறது. நாற்பத்தாறு வருஷமா ஒரே களத்துல எண்ணறேன். படிப்பு மூணாவது. அதுக்குள்ளே எண்ணத் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்குப் போகணும்னு விட்டுட்டேன்.

தேங்காய் எண்ணறதை நீங்க பார்த்ததில்லையா? குவியலுக்கு முன்னால நின்னு, கைக்கு ரெண்டு, ரெண்டு கைக்கு நாலு காய், ஒரே வீச்சுல அந்தப் பக்கம் போடணும். வீச்சுக்கு ஒரு எண். இருபத்தஞ்சு வீச்சு போட்டா நூறு காய். நூறு முடிஞ்சா அடையாளத்துக்கு ஒரு கல்லை ஓரமா வெச்சுட்டு, மறுபடி முதல்ல இருந்து. முதல் வீச்சை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னு சொல்லுவோம். நல்ல வார்த்தையில தொடங்கறது எங்க வழக்கம். அப்புறம் ரெண்டு, மூணு. எண் வாயில நிக்கணும்கிறதுக்காக ஒவ்வொண்ணையும் இழுத்துச் சொல்லுவோம். அதைத்தான் பூபாலன் தம்பி ராகம்னு சொன்னார். ராகம்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா வெட்கப்பட்டு வேலையையே விட்டிருப்பேன்.

பூபாலன் தம்பி யாருன்னு சொல்லலை பாருங்க.

பாட்டுக்காரர். உங்க ஃபோன் பாட்டுல எனக்கு முன்னால மூக்கால பாடறாரே, அவர்தான். எங்க முதலாளியம்மாவுக்கு அக்கா மகன். சென்னையில கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு, மஞ்சக்காமாலையும் வந்து, கீழாநெல்லி குடிக்கறதுக்காக எங்க ஊருக்கு வந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, புரட்டாசி பிறந்ததும். கூடவே ஒரு கிடார். பேரு பூபாலன். ஆனா பாட்டுக்கு வெறும் "பூ"ன்னு மட்டும் போட்டுக்குவார்.

"மீதியை என்னங்க பண்ணினீங்க?"ன்னு கேட்டேன்.

"கட் பண்ணிட்டேங்கய்யா. சின்னதா இருந்தா மனசுல நிக்கும்"னார்.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க தம்பி. பெத்தவங்க வெச்ச பேரையே வெட்டினவர். பின்னால நான் அவர் மேல சந்தேகப்பட்டது என் தப்பான்னு நீங்களே சொல்லுங்க.

அவர் பாடறது அடிச்சுப் பாடற பாட்டு இல்லை. பக்கத்துல கைக்குழந்தை தூங்குது, எழுந்துரக் கூடாதுங்கற மாதிரி பாடுவார். அதுக்கு சாஃப்ட் ராக்குன்னு பேராம். "ராக்குன்னா என்னங்க?"ன்னேன். "பாறை"ன்னார். "சாஃப்ட்டுன்னா?" "மெத்துன்னு." மெத்துன்னு ஒரு பாறை. ஆனைமலையில பிறந்து வளர்ந்தவன், அப்படி ஒண்ணை இதுவரைக்கும் மிதிச்சதில்லை.

"குடையை நீ கொண்டுபோனாய், மழையை எனக்கு விட்டுப்போனாய்"னு வருதே, அதை எங்க களத்துல தகரம் போட்ட சாய்ப்புலதான் உட்கார்ந்து கட்டினார். பதினேழு நாள். இந்த ரெண்டு வரிக்கே பதினோரு நாள். கேட்கிறவங்க எல்லாரும் ஏதோ ஒரு பொண்ணு குடையை எடுத்துக்கிட்டு இவரை விட்டுட்டுப் போயிட்டாள்னு அழறாங்க. யாரும் எடுத்துட்டுப் போகலைங்க. முதலாளி வீட்டுக் குடை அது. கம்பி ஒடிஞ்சு பரண் மேல கிடக்கு. நான்தான் தூக்கிப் போட்டேன்.

பதினெட்டாம் நாள் நான் லாரிக்கு எண்ணிக்கிட்டிருந்தேன். எட்டாயிரம் காய், காங்கயத்துக்கு. தகரத்து மேல மழை அடிக்குது. தம்பி ஒரு மைக்கைக் கொண்டுவந்து குவியல் பக்கத்துல நட்டார். அது தலையில கறுப்பா ஒரு பஞ்சு, கரடிக்குட்டி எட்டிப் பார்க்கிற மாதிரி. "ஐயா, நீங்க பாட்டுக்கு எண்ணுங்க. நான்னு ஒருத்தன் இங்க இருக்கறதாவே நினைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துக்கிட்டார். இருக்கறதா நினைக்காதேன்னா எப்படிங்க? ஆறடி ஆள்.

நான் முடிஞ்ச வரைக்கும் அவரைப் பார்க்காம எண்ணினேன். ஒரே ஒரு நூறு மட்டும் பிடிச்சுக்கிட்டு, மைக்கைப் பிடுங்கிட்டுப் போயிட்டார். நான் எட்டாயிரமும் முடிச்சேன். லாரி போச்சு.

மறுநாள் ஒரு சண்டை. அது வேற விஷயம், பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா வரிசையில வருது. விட்டுட்டுப் போனா எனக்குத் தொண்டையில நிக்கும், சொல்லிடறேன்.

காங்கயத்துல ஒரு எண்ணெய் ஆலையில காய் இறக்கி எண்ணறவன் என் மச்சினன் மாரப்பன். ராமாத்தாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. அவனுக்கு எண்ணக் கத்துக் கொடுத்ததே நான்தான். ஃபோன் பண்ணினான்.

"மாமா, லோடுல நாலு காய் கொறையுதுங்களே."

"எவ்வளவுல?"

"எட்டாயிரத்துலதானுங். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறுதான் வருது."

"மறுக்கா எண்ணு."

"மூணு தரம் எண்ணிட்டுத்தானுங் கூப்புடறேன்."

"உன்ற கையில என்னமோ கோளாறு. டாக்டரைப் போய்ப் பாரு"ன்னேன்.

"என்ற கைக்கு ஒண்ணுமில்லீங்க மாமா. உங்க வாய்தான் எங்கியோ வழுக்கியிருக்குது."

என் வாய்! நாற்பத்து நாலு வருஷம் வழுக்காத வாய், அப்போ. "நாலு காய் பெரிசில்லீங்க. ஆமாண்டா, தப்பிருச்சுன்னு ஒரு சொல்லு சொன்னீங்கன்னாப் போதும்"னான். நான் ஃபோனை வெச்சுட்டேன். அன்னையில இருந்து நான் அவன் வீட்டு வாசப்படியை மிதிக்கலை. இன்னையோட ரெண்டு வருஷம், ஒரு மாசம், ஒன்பது நாள். பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை எடுத்துக்கிட்டு வந்தான். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"னு சொல்லிட்டு நான் பின்பக்கமாப் போயிட்டேன். எங்ககிட்ட மாடு இல்லை.

சரி, அது வேற விஷயம். பாட்டுக்கு வருவோம்.

தை மாசம் பாட்டை இன்டர்நெட்டுல விட்டார். முதல் மாசம் முழுக்க அறுபத்தொரு தடவைதான் ஓடினது. அதுல முதலாளியம்மா மட்டும் பன்னிரண்டு. நான் ஒண்ணு. அவங்கதான் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாங்க. "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." நல்லாத்தான் இருந்தது. "ஏழு, எட்டு." எட்டோட நிறுத்திட்டு கிடார் வந்துருச்சு.

"நிறுத்துங்கம்மா"ன்னேன். "ஆறு எங்கே?"

"எந்த ஆறு?"

"அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல இருக்கற ஆறுங்க."

மறுபடி போட்டாங்க. இல்லை. "பாட்டுல இதையெல்லாம் எவன் பார்க்கறான் நாச்சி? தாளத்துக்காக வெட்டியிருப்பான்"னாங்க.

வெட்டியிருப்பான்! பேரை வெட்டின மாதிரி. அறுபத்தொண்ணுல பதிமூணு நாங்க. மீதி நாற்பத்தெட்டுப் பேர் வாயைத் திறக்காம இருந்தா விஷயம் வெளியே போகாதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் ஈரோட்டுல ஒரு பொண்ணு தோசை சுட்டாள். என் குரலைப் போட்டு, எண்ண எண்ண ஒவ்வொரு தோசையா அடுக்கி வீடியோ எடுத்திருக்கா. அஞ்சாவதை அடுக்கினா. ஆறாவது தோசையைச் சுருட்டித் தன் வாயில போட்டுக்கிட்டா. அடுத்ததை அடுக்கறப்ப நான் ஏழுன்னு சொல்றேன். அவ்வளவுதாங்க. ஊரு உலகமே பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக் கூட்டாளிங்க வரிசையா நின்னு தலை எண்ணினாங்க, ஆறாவது ஆள் வாழைமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான். ஒரு தடியன் தண்டால் எடுத்தான், ஆறாவதுக்கு எழுந்திரிக்காம அப்படியே படுத்துக்கிட்டான். ஒரு அம்மா தன் பிள்ளைங்களையே எண்ணி வீடியோ போட்டிருந்தது. இதையெல்லாம் நான் பார்க்கறதே இல்லைங்க. நானூத்திப் பன்னிரண்டுதான் பார்த்தேன்.

நாற்பது லட்சம் தடவை ஓடியாச்சு தம்பி. பாட்டு மொத்தம் மூணு நிமிஷம் நாற்பது செகண்டு. அதுல நான் இருபத்திரண்டு செகண்டு. மூணு இடத்துல வர்றேன். மூணு இடத்துலயும் ஆறு இல்லை. நாற்பது லட்சம் தடவை, நாச்சிமுத்துவுக்கு ஆறு தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு.

டீக்கடைக்குப் போனேன். "ஆறு வடை கட்டுப்பா"ன்னேன். டீ மாஸ்டர் குப்பணன், "நாச்சண்ணா, அந்த எண்ணு நம்ம கடையில ஸ்டாக் இல்லை. அஞ்சு வாங்கறீங்களா, ஏழு வாங்கறீங்களா?"ன்னான். கடையே சிரிச்சது. ஏழு வாங்கிட்டு வந்தேன்.

பால்வாடியில சகாயமேரி டீச்சர் வழிமறிச்சுக்கிட்டாங்க. "பெரியவரே, முப்பத்திரண்டு பிள்ளைங்க. ஒரு மாசமாச் சொல்லித் தர்றேன். அஞ்சு வரைக்கும் ஒழுங்கா வருதுங்க, அப்புறம் முப்பத்திரண்டும் உங்களை மாதிரி இழுத்து ஏழுக்குத் தாவுதுங்க. விளையாட்டு விழாவுல ஆறாம் நம்பர் பட்டை கட்டின குழந்தை, நான் இல்லவே இல்லைன்னு அழுகுது. நான் என்ன பண்றது?"ன்னாங்க. "நான் சொன்னேனுங்க, அவர் வெட்டிட்டார்"னேன். "வெட்டினவர்கிட்ட ஒட்டச் சொல்லுங்க"ன்னாங்க.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். ஆனியில ஒரு லாரி டிரைவர் வந்தான். நான் ஆறாயிரம் எண்ணி ஏத்தி முடிச்சேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பெருசு, தப்பா நினைக்காதீங்க. இன்னொருத்தரை விட்டு ஒரு தடவை எண்ணிக்கலாமா? பாட்டு கேட்டேன், அதான்"னான்.

நாற்பத்தாறு வருஷத்துல என் எண்ணிக்கையை மறுபடி எண்ணினது மொத்தம் ரெண்டே பேர். ஒண்ணு மாரப்பன். ரெண்டு, அவன்.

மாரப்பன்னதும் ஞாபகம் வருது. ராமாத்தா தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்து சொன்னா. அவன் வீட்டுல மட்டும் அந்தப் பாட்டு கூடாதாம். டீவியில வந்தா அணைச்சுடறானாம். யாராவது பாடினா எழுந்து வெளியே போயிடறானாம். "பொறாமை"ன்னேன். "கத்துக் கொடுத்தவன் பேரு ஊரெல்லாம் போகுது, தாங்க முடியலை." ராமாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தா. அவ பார்க்கறது எனக்கு எப்பவும் புரியாது.

இடையில பூபாலன் தம்பியை டீவியில பேட்டி எடுத்தாங்க. அந்தப் பொண்ணு நேரடியாக் கேட்டுருச்சு, "ஏன் உங்க பாட்டுல ஆறு இல்லை?" நான் டீவிக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிட்டேன். தம்பி தலையைக் குனிஞ்சார். அப்புறம் சொன்னார்: "சில எண்கள் நம்மளை விட்டுட்டுப் போயிடும்."

எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆறு எங்கே போகும் தம்பி? அது அஞ்சுக்குப் பக்கத்துலதானே இருக்கும்?

இனி விடக் கூடாதுன்னு போன ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் போனேன். தம்பி இப்ப அங்கேதான் ஸ்டுடியோ வெச்சிருக்கார். சுவரெல்லாம் முட்டை அடுக்கற அட்டை மாதிரி ஒட்டியிருக்கு. போற வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுல தயார் பண்ணிக்கிட்டேன். பதினாலு வாக்கியம். நாலாவது வாக்கியம் ரொம்பக் காரம். கதவைத் திறந்து, "அடடே, ஐயா! வாங்க வாங்க"ன்னு அவர் என் கையைப் பிடிச்சதும் பதினாலும் போச்சு. "ஆறு"ன்னு மட்டும்தான் வந்தது.

"ஆறு மணிக்கு பஸ்ஸுங்களா?"

"இல்லீங்க. ஆறு. என் ஆறைக் கொடுத்துருங்க."

அவருக்குப் புரிய அஞ்சு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் முகம் சின்னதாப் போச்சு.

"ஐயா, நான் வெட்டலீங்க."

"பேரை வெட்டினீங்களே?"

"பேரை வெட்டினேன். ஆறை வெட்டலீங்க. நீங்க சொல்லவே இல்லை. அதுதான் அழகா இருக்குன்னு அப்படியே விட்டேன். அது உங்க ஊர் வழக்கம்னுல்ல நினைச்சேன்! ஒண்ணுக்கு லாபம்னு சொல்ற மாதிரி, ஆறைச் சொல்லாம விட்டுருவீங்கன்னு..."

"அப்ப டீவியில விட்டுட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்க?"

"அவங்க கேட்டாங்களே, ஏதாவது சொல்லணும்ல?"

நான் நம்பலை. முதல்ல பிடிச்சதை அப்படியே போடச் சொன்னேன். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். மழைச் சத்தம். முதலாளி வீட்டு நாய். அப்புறம் நான். லாபம், காய் விழற சத்தம், தொப்பு தொப்புன்னு நாலு. ரெண்டு, நாலு. மூணு, நாலு. என் வேலையை முதல் தடவையா வெளியே இருந்து கேட்கறேன். அஞ்சு, நாலு காய் விழுது. அடுத்த வீச்சுக்கே "ஏழு"ங்கறேன், நாலு காய் விழுது.

மறுபடி போடச் சொன்னேன். பதினோரு தடவை போட்டார். பதினோரு தடவையும் ஏழு. ஹெட்ஃபோன் பழுதான்னு கேட்டேன். வேற ஒண்ணு மாட்டினார். அதுலயும் ஏழு. இருபத்தஞ்சுன்னு முடிக்கற வரைக்கும் கேட்டேன் தம்பி. காய் விழற சத்தத்தை விரல் விட்டு எண்ணினேன். இருபத்து நாலு வீச்சுதான்.

"சரி விடுங்கய்யா. இப்பவே ஒரு ஆறு சொல்லுங்க, சேர்த்துடறேன்"னார் தம்பி. "ரெண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

மைக் முன்னால உட்கார வெச்சார். அதே கரடிக்குட்டி. ஆறை மட்டும் தனியாச் சொல்ல வரலை எனக்கு. வரிசையில வந்தாத்தான் வரும். லாபத்துல இருந்து தொடங்கினேன். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எதிரே அவர், கண்ணை மூடித் தலையாட்டிக்கிட்டிருந்தவர், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிச்சு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பிரமாதம்கற மாதிரி.

"ஏழு"ன்னேன்.

அப்பத்தான் தம்பி எனக்கு ஞாபகம் வந்தது. அன்னைக்கும் களத்துல அதே மாதிரி கட்டை விரலைக் காட்டினார். அஞ்சு சொல்லி முடிச்ச உடனே. நாற்பத்து நாலு வருஷம் எண்ணியிருக்கேன், ஒருத்தர் கூட நல்லா எண்ணறேன்னு சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது? காய் சரியா இருந்தா யாரும் பேச மாட்டாங்க. இவர் விரலைத் தூக்கினதும் எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. அந்தக் கூச்சத்துல ஆறு எங்கேயோ போயிருச்சு. கை வீசினது, வாய் ஒரு படி தாண்டிருச்சு.

ஒரு வீச்சுக்கு நாலு காய் தம்பி. நூறுல ஒரு வீச்சு குறைஞ்சா தொண்ணூத்தாறு. எட்டாயிரத்துல?

ஆமாங்க. மாரப்பன் சொன்ன அதே நாலு.

அவனும் எண்ணறவன். நான் கத்துக் கொடுத்தவன். அந்தப் பாட்டை முதல் தடவை கேட்டப்பவே, எந்த நாள், எந்த லோடு, எந்த வீச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். மழைச் சத்தம் வேற இருக்கே. ஊரையே கூட்டி, "பாருங்கடா, எங்க மாமன் வாய் வழுக்கினதை"ன்னு சிரிச்சிருக்கலாம். என்னைக் கூப்பிட்டு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கலாம். அவன் என்னடான்னா டீவியை அணைச்சுட்டு எழுந்து போயிருக்கான். நான் பொறாமைன்னேன்.

பூபாலன் தம்பி திரும்பி உட்கார்ந்துக்கிட்டு, "நான் பார்க்கலைங்கய்யா, இப்பச் சொல்லுங்க"ன்னார். அவர் முதுகைப் பார்த்து அழகா ஆறு சொன்னேன். நல்லா வந்தது. "சேர்த்துடட்டுமா?"ன்னார்.

"வேண்டாமுங்க"ன்னேன். "அன்னைக்குப் போடாத வீச்சு. இன்னைக்கு வாய்ல மட்டும் சொல்லிச் சேர்த்தா அது கள்ள எண்ணிக்கை."

அவர் ஒரு மாதிரி என்னையே பார்த்துட்டு, மறுபடி அந்த விரலைத் தூக்கினார். நான் எழுந்து வந்துட்டேன்.

அது என்ன ஊரு? ஊதியூரா? தாண்டிட்டோமா? அப்ப சீக்கிரம் முடிக்கணும்.

நாளைக்குக் காலையில மாரப்பன் மகள் மோகனாவுக்குக் கல்யாணம். ராமாத்தா மூணு நாளைக்கு முன்னாலயே போயிட்டா. பத்திரிகையில என் பேரு போட்டிருந்தான், ரெண்டாவது வரியில. நான் வரலைன்னுட்டேன், அது கோயமுத்தூர் போறதுக்கு முன்னால. "நீங்க உங்க நம்பரைக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க"ன்னு சொல்லிட்டு அவ பஸ் ஏறிட்டா. கோயமுத்தூர் விஷயத்தை அவகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். நான் பேசற ஆள் இல்லைன்னு சொன்னேன்ல.

அதுக்குத்தான் இந்தக் காய். நாலு அவனுக்குச் சேர வேண்டியது. முதலாளிகிட்டச் சொல்லி அதே தோப்புக் காயாப் பார்த்து எடுத்தேன். ஒண்ணு, இத்தனை நாள் வெச்சிருந்ததுக்கு மேல்காய். ஒண்ணு பொண்ணுக்கு. ஆமாண்டா, தப்பிருச்சுன்னு ஒரு சொல்லு கேட்டான். அது என் வாயில வருமான்னு தெரியலை. அங்கே பந்தல்ல இருநூறு பேர் நிப்பாங்க, எல்லாரும் பார்ப்பாங்க. பேசாம இந்தப் பையை அவன் கையில கொடுத்துட்டு நின்னா, எண்ணிப் பார்த்துப் புரிஞ்சுக்குவான். எண்ணறவன்தானே. பாட்டுதான் போட்டுருவாங்களோன்னு ஒரு பயம். ஆனா அவன் வீட்டுக் கல்யாணம், போட விட மாட்டான்.

தம்பி, ஒரு உதவி. பையில காய் சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவை எண்ணிடுங்க. வீட்டுல நான் ஒன்பது தடவை எண்ணினேன். ஆனா போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என் வாய் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. தொட்டுத் தொட்டு எண்ணுங்க. சத்தமா வேண்டாம்.

ஆங், லாபம். அடடே, நல்லாச் சொன்னீங்க. ரெண்டு. மூணு. அந்த அடியில ஒண்ணு இருக்கு பாருங்க, நாலு. அஞ்சு.

என்னது?

ஏழா?

தம்பி, மறுபடி ஒரு தடவை... காங்கயம் வந்துருச்சா? இல்லை இல்லை, எழுந்துக்காதீங்க, நான் இறங்கிக்கறேன். பையைக் கொடுங்க. ஏழாவே இருக்கட்டும் விடுங்க. நீங்க சொன்னா ஏழுதான். ஒண்ணு கூட இருக்குன்னா அவன் சந்தோஷப்படுவான். எல்லா இடத்துலயும் கணக்குப் பார்த்தா மனுசன் எப்படி இருக்கறது? பாருங்க, நான் எவ்வளவு மாறிட்டேன். சரிங்க தம்பி, வர்றேன். ஃபோன் அடிச்சா எடுத்துப் பேசுங்க. கண்டக்டர், ஒரு நிமிஷம், விசில் கொடுத்துராதீங்க, வயசான ஆளு இறங்கறேன்.

தம்பி! தம்பி, ஜன்னலை ஏத்துங்க! இங்கே கீழே, நான்தான்!

ஆறு! அது ஆறுங்க!